இலை கொட்டும் மாதத்துப் புத்தகம்

நாற்பத்தோராம் பக்கத்தை வீரமுத்து பதினோரு நாளாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எழுத்தின் மேலும் கட்டைவிரலை ஊன்றி, அது ஓடிவிடாதபடி பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்துக்கு நகர்வார். பக்கத்தின் மேல்பாதியில் ஒரு மரத்தின் படம். கீழே 'ஏழிலைப்பாலை' என்று பேர். 'ஒரே கணுவில் ஏழு இலைகள் வட்டமாக நிற்கும். பட்டையைக் கீறினால் பால் வடியும்.' இந்த இடம் வந்ததும் மேற்கொண்டு போக முடியாமல் மறுபடி மேலே போய்விடுவார். எங்கோ கடல் தாண்டி அச்சுப் போட்ட புத்தகத்துக்கு, தாம் கீறிய மரத்தில் பால் வந்தது எப்படித் தெரியும் என்பது அவருக்கு விளங்கவில்லை.

லாயாங் லாயாங் என்ற ஊரின் ரயில் நிலையத்துக்கு எதிரே, லியாக்கத் அலியின் மளிகைக் கடை மாடியில் இருந்தது பொது வாசகசாலை. இரண்டு அலமாரி, மூன்று பெஞ்சு. நடத்துகிறவர் சரக்கு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சபாபதி. வீரமுத்து எழுத்துக் கற்றதும் அந்தப் பெஞ்சில்தான், நாற்பத்தைந்து வயதில். காலையில் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், பலகையில் பாதி எழுத்து தெரியும், பாதி தூக்கத்தில் போகும். மூன்று வருஷம் பிடித்தது.

மாசியில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டும்போது பால் வற்றி வேலை அரை நாளாகிவிடும். அந்த நேரத்துக்கென்று சபாபதி இந்த வருஷம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஆளுக்கு ஒரு புத்தகம், நான்கு ஞாயிறு வெளிநடை. மரமோ பறவையோ, புத்தகத்தில் படித்ததை அது நிற்கிற இடத்துக்கே போய் வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் ஞாயிறு ஆற்றங்கரைப் பக்கம் என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்த அன்றுதான் வீரமுத்து பேர் கொடுத்தார். அது பக்கத்துத் தோட்டத்தின் நிலம். காவல்காரன் வெளியாளை விடமாட்டான். சபாபதி துரைக்கு எழுதி அனுமதிக் கடிதம் வாங்கியிருந்தார்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அது காட்டோரம். காய்ச்சல் வருஷம். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆள் போய்க்கொண்டிருந்தது. தம் மூன்று மாதக் குழந்தை வெள்ளையம்மாவைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய் வீரமுத்து தனியாகப் புதைத்தார். மனைவி கிருஷ்ணம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அடையாளம் வைக்க ஒரு கல்கூட அகப்படவில்லை. தலைமாட்டில் நின்ற பெருமரத்தில், முழந்தாளிட்டபடியே இடுப்பிலிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து ஒரு வெட்டுப் போட்டார். ரப்பருக்குப் போடுவதுபோலவே, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகச் சரிந்த வெட்டு. பால் வந்தது. பிறகு அவர்கள் வேறு தோட்டத்துக்கு மாறினார்கள். காட்டை அழித்து ஆறுவரை ரப்பர் வைத்துவிட்டார்கள். பேயிருக்கிற மரம் என்று ஒன்றை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டதாகக் கேள்வி.

"எல கொட்டின நேரத்துல பச்சையா நிக்கிறது அது ஒண்ணாத்தானே இருக்கும்?" என்றாள் கிருஷ்ணம்மா, ஞாயிறு காலையில் கட்டுச்சோற்றை நீட்டியபடி.

"இருக்கும்."

"இருந்தா, அவ பேர எழுதிட்டு வாங்க. முழுசா முடியலன்னா ஒரு எழுத்தாவது." கட்டின் முடிச்சை இறுக்கியபடி, "உங்களுக்குத்தான் இப்பத் தெரியுமே" என்றாள்.

வீரமுத்து கத்தியைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பதினான்கு பேர் நடந்தார்கள். காலடியில் சருகு அப்பளம்போல நொறுங்கியது. மொட்டை மரங்களுக்கு நடுவே வெயில் தரைவரை இறங்கியிருந்தது. வருஷமெல்லாம் இருட்டிலேயே வேலை செய்தவருக்கு, கூரையைக் கழற்றிய வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. எந்தத் திசையில் வந்தோம் என்பதே பிடிபடவில்லை.

"என்னா வீரமுத்து, ஞாயித்துக்கெழமையும் இடுப்புல கத்தி?" என்றார் லியாக்கத் அலி. "புத்தகத்துல வர்ற மரத்துக்கும் பால் வெட்டப் போறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சபாபதி சிரிக்கவில்லை. "யாரும் எதையும் தொடக் கூடாது. ஒரு கெளைய ஒடிச்சாலும் அடுத்த வருஷம் உள்ள விடமாட்டாங்க. கடுதாசியில கையெழுத்து என்னுது" என்றார்.

மேடு ஏறி இறங்கியதும் அது தெரிந்தது. சாம்பல் நிறக் கொம்புகளுக்கு நடுவே ஒரே ஒரு பச்சை, அடுக்கடுக்காகக் குடை விரித்துக்கொண்டு. வீரமுத்து அண்ணாந்து பார்த்தார். அவர் நினைவில் இருந்த மரம் இவ்வளவு உயரமில்லை. ஆறும் இவ்வளவு கிட்டத்தில் இல்லை.

"படிங்க" என்றார் சபாபதி.

படித்தார். பதினோரு நாள் படித்த வரிகள் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தன. லியாக்கத் அலி கீழே விழுந்து கிடந்த ஒரு கொத்தை எடுத்து எண்ணினார். "அஞ்சு." இன்னொன்றை எடுத்தார். "இதுல ஆறு. அலமாக், அடடா! புத்தகம் போட்டவன் கடை வச்சிருந்தா ரெண்டு நாள்ல திவாலாயிருப்பான்."

"கூடும் கொறையும்னு அடியில போட்டிருக்கு பாருங்க" என்றார் சபாபதி.

வீரமுத்து பார்த்தார். போட்டிருந்தது. அந்த அடிவரிக்கு அவர் ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. அப்படியென்றால் இது அதே மரம்தானா, அல்லது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறதா?

மற்றவர்கள் கட்டுச்சோற்றோடு ஆற்றுப் பக்கம் இறங்கினார்கள். வீரமுத்து மரத்தைச் சுற்றி வந்து, அன்று இட்டதுபோலவே முழந்தாளிட்டார்.

வெட்டு இருந்தது. பட்டை உதடுபோல வீங்கி மூடிய பழைய வெட்டு. இடமிருந்து வலமாகச் சரிந்து. அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று இருந்தது. அதற்கும் கீழே இன்னும் மூன்று. கையால் தடவிக்கொண்டே போனார். எட்டு. எல்லாம் முழந்தாளிட்டவன் கைக்கு எட்டுகிற உயரத்தில், எல்லாம் ஒரே சாய்வில். அந்த வருஷம் இந்த ஓரத்துக்குப் புதைக்க வந்தவர்கள் அத்தனை பேர் இடுப்பிலும் இதே கத்திதான் இருந்திருக்கிறது. அத்தனை கைகளுக்கும் தெரிந்தது இந்த ஒரு வெட்டுத்தான்.

மூன்றாவதுதான் தம்முடையது என்று பட்டது. விரலை எடுத்தால் நான்காவதாகவும் பட்டது.

"அண்ணே." ஐயாசாமி நின்றுகொண்டிருந்தான். வீரமுத்து இப்போது இருக்கிற லயத்துக்காரன், இருபத்துநாலு வயது. வாசகசாலைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டுவானே தவிர ஓர் எழுத்தும் தெரியாது. அவனும் குந்தினான். "இது எங்கம்மாவுக்கு எங்கப்பா போட்டது" என்று மூன்றாவதில் விரலை வைத்தான்.

"நல்லாத் தெரியுமா?"

"பக்கத்துல நின்னேன்ணே. ஏழு வயசு." விரல் தயங்கியது. "தெரியும்னுதான் வந்தேன். இப்ப இத்தன இருக்கே."

ஆற்றோரம் லியாக்கத் அலி ஏதோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. வீரமுத்து துண்டைப் பிரித்தார். அப்போதுதான் சபாபதி சரிவில் பாதி ஏறி வந்து நிற்பதைப் பார்த்தார். அவர் கண் கத்தியில் இருந்தது.

"வீரமுத்து, நான் என்ன சொன்னேன்?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. துண்டிலா, காய்ச்சலிலா, மூன்றாம் வெட்டிலா? "சார், இங்க..." என்றார். ஐயாசாமியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபாபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சோறு ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கினார். அது சம்மதமா, இனி இந்தப் பக்கம் வராதே என்பதா?

தவறான வெட்டின் மேல் பேரை எழுதிவிட்டால், யாரோ பெற்ற பிள்ளை வெள்ளையம்மாவாகிவிடும். எழுதாமல் போனால் கிருஷ்ணம்மாவிடம் என்ன சொல்வது? வீரமுத்து எழுந்து நின்றார். எட்டு வெட்டுகளுக்கும் மேலே, யாருடைய கையும் படாத பட்டையில், கத்தி முனையை வைத்தார். பலகையில் எழுதிய கை வேறு, இந்தக் கை வேறு. கத்தி தானாகச் சரியப் பார்த்தது. இழுத்துப் பிடித்து வளைத்தார். பேரின் முதலெழுத்து, கோணலாக, உள்ளங்கை அகலத்துக்கு விழுந்தது.

"அண்ணே, அது யாரு பேரு?" என்றான் ஐயாசாமி. "எங்கம்மா பேரும் அதுல வருமா?"

அவர் பதில் சொல்வதற்குள் பால் சுரந்துவிட்டது. எழுத்தின் வளைவுகளை நிரப்பி, அடியில் ஒரு துளியாகத் தொங்கி, பிறகு இறங்கத் தொடங்கியது. முதல் வெட்டின் வீங்கிய விளிம்பில் தேங்கி நின்றது. அது நிறைந்ததும் வழிந்து அடுத்ததற்குப் போனது. கத்தியைக் கையில் பிடித்தபடியே வீரமுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாசாமி விரலை எடுக்கவில்லை. பால் மூன்றாவதை நோக்கி வந்துகொண்டிருந்தது.