வீட்டுக்குள் வந்த அரசாங்கம்

“ஒரு பிள்ளை ஆருக்குச் சொந்தம்? தாய் தகப்பனுக்கோ, அரசாங்கத்துக்கோ?”

அப்பா என்னிடம் இப்படிக் கேட்டது நான் பள்ளிக்கூடத்தை விடுவதற்கு முந்தின கிழமை. அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. இணையத்தில் தன் நிகழ்ச்சியின் லைவ் தொடங்குமுன் குரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஒரு கையில் விளக்கையும் மறு கையில் கருத்துகள் வந்து விழுகிற ரப்லெற்றையும் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். “தாய் தகப்பனுக்கு,” என்று அவரே சொல்லிவிட்டுப் பொத்தானை அமத்தினார்.

அடுத்த கிழமை, நான் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த காலையில், அதே பதிலை ஒரு காகிதத் துண்டில் எழுதி அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தார். “ஓம். எனக்குச் சொந்தம். அதுதான் சொல்லுறன், எழும்பிப் போ,” என்றார். கொள்கையில் பிழை பிடிக்க முடியவில்லை. ஆனாலும் நான் போகவில்லை. கத்திப் பார்த்தார், புதுப் போன் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார், கோயிலில் நேர்த்தி வைத்தார். பதினேழு வயதுப் பெட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் இருத்த முடியாது. குளிர்காலம் முழுவதும் வீட்டில் இருந்து அம்மாவுக்கு வெங்காயம் வெட்டிக் கொடுத்தேன்.

அப்பாவின் பெயர் கிறிஸ்துநாயகம். ட்ரக் ஓட்டுகிறார். ஒஷாவாவில் ஏற்றுகிற சாமானை அமெரிக்க எல்லை தாண்டி ஒஹாயோவில் இறக்குவார். போகவர அவருக்குத் துணை அமெரிக்க வானொலிதான், அதுவும் கோபமாகப் பேசுகிற வானொலி. அதனால் எங்கள் தெருவில் எப்போது குப்பை எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஒஹாயோவில் எந்தக் கவுண்டியில் சொத்துவரி ஏறியது என்பது தெரியும்.

ட்ரக்கில் கேட்டதை வெள்ளிக்கிழமைகளில் வோபர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றிலிருந்து தமிழில் சொல்லுவார். நிகழ்ச்சியின் பெயர் ‘எல்லைக்கு அங்காலை’. அரசாங்கம் சின்னதாக இருக்கவேண்டும். வரி குறையவேண்டும். பள்ளிக்கூடம் கணக்கும் எழுத்தும் படிப்பிக்கவேண்டும், பிள்ளையின் மனச்சாட்சியைத் தாய் தகப்பனிடம் விட்டுவிடவேண்டும். சுடுவதற்குத் துவக்கு வைத்திருப்பது குடிமகனின் உரிமை; ஆனால் அம்மா மீன் வெட்டும்போது அவர் குசினிப் பக்கம் வருவதில்லை. விருது வாங்க மேடையேறுகிற நடிகர்கள் நன்றி சொல்லிவிட்டு இறங்கவேண்டும், ஆருக்கு வோட்டுப் போடுவது என்று சொல்லக்கூடாது. இப்போதைய கார்ட்டூனில் கரடிக்குட்டிகூட நல்லொழுக்கம் போதிக்கிறது என்பதில் அவருக்கு ஆத்திரம். அமெரிக்காக்காரரின் தொலைக்காட்சியில் அவர் மதிப்பது மல்யுத்தம் ஒன்றைத்தான். “உதில எல்லாம் நடிப்பெண்டு எல்லாருக்கும் தெரியும். அதால உது நேர்மை,” என்பார்.

அவர் சொல்வதில் பாதி எனக்குச் சரியென்று படும். மறுபாதியில் ட்ரக்கின் இரைச்சல் இருக்கும்.

பார்வையாளர்கள் அதிகம் இல்லை. நோர்வேயிலிருந்து அமிர்தநாதர் என்பவர் ஒருநாளும் தவறுவதில்லை. அவரும் அப்பாவும் மன்னாரில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர் படுக்கப் போகுமுன் பார்க்கவேண்டும் என்றுதான் நிகழ்ச்சியை இரவுக்கு வைக்காமல், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வைத்திருந்தார் அப்பா. வருகிற கருத்துகளை வாசித்து, முக்கியமானதை மட்டும் ரப்லெற்றைத் திருப்பி அப்பாவுக்குக் காட்டுவது என் வேலை. வாய் திறக்கத் தேவையில்லாத வேலை.

தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளி, இறைச்சி சாப்பிடாத நாள். லைவ் தொடங்கச் சற்று முன்னால் கதவு மணி அடித்தது. அம்மா போய்த் திறந்தாள். கழுத்துப்பட்டி கட்டி, தோளில் பையோடு ஒரு தமிழ் ஆள் நின்றார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும்.

“வணக்கம் அக்கா. நான் வாகீசன். கிறிஸ்துநாயகம் அண்ணை நிக்கிறாரோ?”

“நிக்கிறார், நிக்கிறார். உள்ளுக்க வாரும் தம்பி, குளிருக்க நிக்காமல்.”

எங்கள் ஆட்களின் வீட்டில், வந்தவரிடம் என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்பதில்லை. அது போகச் சொல்வது போல. முதலில் இருத்தி, குடிக்கக் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்டு, ஆருக்கு ஆர் சொந்தம் என்று பிடித்து, அதற்குப் பிறகு வந்தவரே சொன்னால் கேட்பார்கள். வாகீசனும் அப்படி வளர்ந்தவர் போலிருந்தது. பையைத் திறக்கப் போனார். அம்மா தேத்தண்ணியை நீட்டினாள். பையை மூடிவிட்டு வாங்கினார்.

படியில் நின்ற எனக்குப் பையில் இருந்த கல்விச் சபையின் சின்னம் தெரிந்தது. அந்தப் பெயரும் தெரியும். வாகீசன் என்று சொல்லி இரண்டு மூன்று முறை வீட்டுப் போனில் செய்தி விட்டிருந்தார்; கேட்டு அழித்தது நான். பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கு வருகிற உத்தியோகம். பதினெட்டு வயதுவரை படித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் அவருடைய பையில் இருந்தது. அவர் பையைத் திறந்தால் திங்கட்கிழமை நான் அந்த வகுப்பில் இருப்பேன். 

அப்பா கீழேயிருந்து ஏறி வந்தார். “ஆர் வந்தது?”

“அண்ணை, உங்கட நிகழ்ச்சி நான் பாக்கிறனான்,” என்றார் வாகீசன். மரியாதைக்குச் சொல்லியிருப்பார்.

அதோடு முடிந்தது. அப்பாவின் நிகழ்ச்சியைப் பார்க்கிறேன் என்று வீடு தேடி வந்த முதல் மனிதர் அவர். அவருடைய தோளில் கை போட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு பேஸ்மென்ற்றுக்கு இறக்கிக்கொண்டு போய், தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். அம்மா ஒரு தட்டில் பொரித்த ரோல்களோடு பின்னால் வந்தாள்.

“இல்லை அண்ணை, நான் ஒரு அலுவலா—”

“அலுவல் இருக்கட்டும் தம்பி. சாப்பிடும். பிள்ளை, லைற்றைப் பிடி.”

லைவ் தொடங்கியது. “இண்டைக்கு எங்களோட ஒரு விருந்தினர்,” என்றார் அப்பா. வாகீசனின் வாயில் ரோல் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

அமிர்தநாதர் உடனே எழுதினார்: ‘தவக்கால வெள்ளியில இறைச்சி ரோலோ?’

இதை நான் காட்டியிருக்கக்கூடாது. அப்பா ஒரு ரோலைப் பிய்த்துக் கமராவுக்கு முன்னால் பிடித்து, அது மீன் என்று நிரூபிப்பதிலேயே கொஞ்ச நேரம் போயிற்று. ‘ரின்னில அடைச்ச மீனோ, பச்சை மீனோ?’ என்று அடுத்த கேள்வி வந்தது. அதை நான் காட்டவில்லை.

பிறகு அப்பா விஷயத்துக்கு வந்தார். அன்றைய விஷயம், அமெரிக்காவில் ஒரு தாய் பிள்ளையைத் தன்பாட்டில் கடைக்கு நடந்துபோக விட்டதற்காக அதிகாரிகள் வந்து கதவைத் தட்டியது. வானொலியில் கேட்டது.

“கதவைத் தட்டுற அரசாங்கத்தை எனக்குப் பிடிக்காது,” என்றார். “ஏனெண்டு கேளுங்கோ. ஊரில எங்கட வீட்டில எத்தினை பேர், என்ன பேர், என்ன வயது எண்டு எழுதி வாசலில தொங்கவிடவேணும். ஆமிக்காரன் வந்து எண்ணுவான். ஒரு ஆள் கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை. என்ரை மாமா வேலை முடிஞ்சு சுணங்கி வந்ததுக்கு அடி வாங்கினவர். அண்டைக்கு நினைச்சனான், என்ரை வீட்டுக்குள்ள எத்தினை பேர் எண்டு நான்தான் எண்ணவேணும், வேற ஒருத்தரும் எண்ணக்கூடாது எண்டு.”

வாகீசன் ரோலைத் தட்டில் வைத்துவிட்டார்.

“இப்ப நீர் சொல்லும் தம்பி,” அப்பா அவர் பக்கம் திரும்பினார். “நீர் படிச்ச ஆள். ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுதோ இல்லையோ எண்டு பாக்க அரசாங்கம் ஏன் வீட்டுக்கு வரவேணும்?”

வாகீசன் கையைத் துடைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் விளக்கை அவருடைய முகத்திலிருந்து விலக்கினேன்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் கல்விச் சபையில இருந்து வந்தனான். உங்கட மகள் ஷரோன் நாலு மாசமா வகுப்புக்கு வரேல்லை. அதைப் பாக்கத்தான் வந்தனான்.”

ரப்லெற்றில் அமிர்தநாதர் எழுதினார்: ‘அரசாங்கம் வீட்டுக்குள்ள வந்திட்டுது.’ சற்று நேரத்தில் இன்னொன்று: ‘ரோலும் சாப்பிட்டிட்டுது.’

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளைக் கலைக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். ஆனால் அவருடைய முகத்தில் வந்தது கோபமில்லை. நாலு மாதமாகத் தன்னால் முடியாததைச் செய்யக்கூடிய ஒருவர் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாகீசனின் காதுப் பக்கம் குனிந்தார்.

“தம்பி, அப்ப நீங்கள் சொன்னால் அவள் போய்த்தானே ஆகவேணும்? திங்கக்கிழமையே கொண்டுபோய் இருத்தலாமோ?”

அமிர்தநாதர் எழுதினார்: ‘கிறிஸ்து, மைக் ஒன்ல கிடக்கு.’

எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது என் கையில்தான் இருந்தது. ரப்லெற்றை அப்பா பக்கம் திருப்பினேன்.

வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“ஏன் பிள்ளை போகமாட்டன் எண்டுறாய்?”

இத்தனை நாளில் போ என்றுதான் சொன்னாரே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. கமராவின் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அதைப் பார்த்தார். அமிர்தநாதரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், எட்டி லைவை நிற்பாட்டினார்.

பிறகு நான் சொன்னேன். வகுப்பில் காலையில் கதிரைகளை வட்டமாகப் போடுவார்கள். ஒரு மெத்துப் பந்து கைமாறிக்கொண்டு வரும். பந்து வைத்திருக்கிறவர் பேசவேண்டும். பேசாவிட்டால் புள்ளி குறையும். ரீச்சர் நல்லவ, கத்தமாட்டா, சிரித்துக்கொண்டு காத்திருப்பா. எல்லாரும் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புத்தான் எனக்குத் தாங்க முடியாதது.

“என்னத்தைப் பற்றிக் கதைக்கவேணும்?” என்றார் அப்பா.

“எல்லாத்தைப் பற்றியும். கடைசி நாள் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி. உங்கட வீட்டில ஆரை ஆதரிக்கினம், அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டு. எனக்கு முதல் சொன்ன ஆக்கள், அந்தப் பக்கத்தை ஆதரிக்கிறவை கூடாத ஆக்கள் எண்டவை. எல்லாரும் ஓம் எண்டவை. பிறகு பந்து என்னட்டை வந்தது.”

“நீ என்ன சொன்னனி?”

“ஒண்டும் சொல்லேல்லை. மணி அடிக்குமட்டும் பந்தை வைச்சிருந்தனான்.”

அம்மா படியில் இருந்துவிட்டாள். அப்பா மேசையில் கிடந்த ரோல் துகள்களை விரலால் ஒன்றாகக் கூட்டினார், கூட்டிய பிறகு கலைத்தார்.

வாகீசன்தான் பேசினார். வீட்டிலிருந்தே கணினியில் படித்து முடிக்க ஒரு வழி இருக்கிறதாம். வட்டம் இல்லை, பந்து இல்லை. தகப்பன் சம்மதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். பையிலிருந்து தாளை எடுத்து வைத்தார்.

“அவளின்ரை படிப்புக்கு அவள் வைக்கட்டுமன் கையெழுத்தை,” என்றார் அப்பா.

“பதினெட்டு ஆகேல்லை அண்ணை. சட்டப்படி பிள்ளைக்குப் பொறுப்பு நீங்கள்தான்.”

சட்டம் தன் பக்கம் நின்றது அப்பாவுக்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறினார். பிறகு தாளை வரி வரியாக வாசித்தார். எல்லையில் சாமான் காகிதம் வாசிக்கிற ஆள் அவர். ஒரு வரியில் விரலை வைத்தார்.

“மாதத்துக்கு ஒருக்கா வீட்டை வந்து பாக்கிறது எண்டு போட்டிருக்கு. உதை வெட்டும்.”

“அதை வெட்டேலாது அண்ணை. நான்தான் வாறது.”

“வரட்டுமனப்பா,” என்றாள் அம்மா. “அடுத்த முறை வெள்ளிக்கிழமை இல்லாமல் வாரும் தம்பி. இறைச்சி ரோல் போடுறன்.”

அப்பா பேனையை எடுத்தார். “அப்ப அரசாங்கமா வராதையும். ஆளா வாரும்,” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். வாகீசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அம்மா மிச்ச ரோல்களைப் பையில் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அன்று இரவே அப்பாவுக்கு லோட் இருந்தது. சப்பாத்துப் போடுகிற வாங்கில் இருந்து அவர் ஒரு சொற்பொழிவாவது ஆற்றாமல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அன்று குனிந்து நூலைக் கட்டினார். அம்மா கொடுத்த சோற்றுப் பெட்டியை வாங்கினார். கதவைத் திறந்தபின் என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தார்.

ஒருவர் காத்திருந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்; நான் காத்திருக்கவில்லை. குசினி மேசையில் வெங்காயம் வெட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

வாயை மூடிக்கொண்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுப் போனார்.