மதன் எழுதிய நாற்பது சோதனைகள்

வேலம்மா மகனுடைய லேப்டாப்பைப் பழைய சேலைத் துணியில் சுற்றி, பெருமாள்மலையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சுதாராணிக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. மதன் இறந்துபோய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

"எனக்கு இதத் தொறக்கவே தெரியாது புள்ள. நீயே வச்சிக்க. மதனோட சோலியெல்லாம் இதுலதான் கெடக்கு."

கொடைக்கானலில் இந்த ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ இருந்தவர்களோடு சேர்ந்து, இணையப் பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் எஞ்சின் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள் சுதாராணி. இப்படி எஞ்சின் எழுதுகிற எல்லாருக்கும் பொதுவாக ஒரு சோதனைக் களஞ்சியம் உண்டு. தமிழ் வரிகள் சரியான இடத்தில் மடிகின்றனவா என்று பார்க்கும் நாற்பது சோதனைகளை மதன் அதில் எழுதிப் போட்டிருந்தான். அவற்றைத் தங்கள் எஞ்சினுக்குள் எப்போது இறக்கி ஓட்டிப் பார்ப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான்.

அப்போது மதன் டயாலிசிஸ் படுக்கையிலிருந்து போனில் கேட்டான். "எப்பக்கா இறக்குவீங்க? தோத்தாலும் பரவாயில்ல, ஓடுறத ஒரு தடவ பாத்துர்றேன்."

"எஞ்சினத் திருத்திட்டு வெரசா இறக்கிருவோம்டா. இப்ப இறக்குனா நாப்பதும் தோத்துச் சிவப்பாத்தான் வரும்."

நாலு பேர் கேள்வி கேட்பார்களே என்ற பயம்தான், வேறென்ன? ஆறு மாதம் இழுத்தடித்தாள். எஞ்சின் சரியானபோது அவன் இல்லை.

இன்று காலைதான் இறக்கினாள். முப்பத்தொன்பது பச்சை, ஒன்று சிவப்பு. கிளறிப் பார்த்தால் பிழை எஞ்சினில் இல்லை, சோதனையில் இருந்தது. மதன் தன் லேப்டாப்பில் இருந்த எழுத்துருவை வைத்தே, வரி நிற்க வேண்டிய பெட்டியின் அகலத்தை அளந்திருக்கிறான். மற்ற கணினிகளில் அந்த வரி வேறெங்கோ மடியும். அப்போதே இறக்கி ஒவ்வொன்றாகக் கிளறியிருந்தால் அவன் இருக்கும்போதே தெரிந்திருக்கும். அரை மணி நேர வேலை, சிரித்துக்கொண்டே திருத்தியிருப்பான். இப்போது களஞ்சியத்தின் விதி, சோதனையைத் திருத்துமுன் எழுதியவரிடம் கேள் என்கிறது.

காலையில் இறக்கிய சோதனைகளோடு எஞ்சினையும் பென் டிரைவில் எடுத்து மதனின் லேப்டாப்பில் போட்டு, அந்த ஒன்றை மட்டும் ஓட்டினாள். மதன் அதில் எழுதியிருந்த வரி இது: 'பூண்டுக் காட்டுக்குப் போன அம்மா மழைக்கு முன்னே வீடு வந்து சேர்ந்தாள்.' வரி அவன் நினைத்த இடத்தில் மடிந்தது. பச்சை.

"சரியா வந்துருச்சா புள்ள?"

"வந்துருச்சுங்கம்மா."

வேலம்மா சேலைத் துணியால் அந்தத் திரையை மெல்லத் துடைத்தாள். பக்கத்தில் சுதாராணியின் திரையில் மதன் பேரோடு அந்தச் சிவப்பு வரி அப்படியே இருந்தது.