எல்லாத்துக்கும் ஏழு

முத்துராஜுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்த நேரம் அது. பொண்ணு கடத்தூர்ப் பக்கம், பேர் சுசித்ரா. அவள் அப்பா அர்ச்சுனன் அந்த ஊர் பால் சங்கத்துத் தலைவர். பொண்ணும் அதே சங்கத்தில் பாலைச் சோதித்து வாங்குகிற வேலையில் இருந்தாள். பொண்ணு பார்த்தாயிற்று, இரண்டு ஜோசியரிடம் ஜாதகம் காட்டி இரண்டு பேரும் பொருத்தம் என்று அடித்துச் சொல்லியாயிற்று, வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம். முப்பத்தி மூணு வயசு வரைக்கும் பொண்ணு கிடைக்காமல் அல்லாடினவனுக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நல்லம்பள்ளியில் அவன் அம்மா தீர்த்தம்மாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆளே சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை ஐயாவுக்கு வேலை ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில். பால் சங்கங்களில் பெரிய குளிரூட்டும் தொட்டி இருக்குமில்லையா, அதன் பக்கத்தில் சூடு எவ்வளவு என்று காட்டி, மிஷினை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சிப்புக்குப் புரோகிராம் எழுதுகிறவன். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான். ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு ஆகாது. ஏதாவது கெட்டுப்போனால் எது கெட்டது என்று வாயைத் திறந்து சொல்வது. சென்சார் ஒயர் விட்டுப்போனால் அடியில் ஓடுகிற புரோகிராம் அதைச் சொல்லத்தான் செய்யும். கரண்ட் இறங்கினாலும் சொல்லும், கம்ப்ரசர் திணறினாலும் சொல்லும். அத்தனையையும் முத்துராஜ் எழுதிய நடுப் புரோகிராம் வாங்கி முழுங்கிவிட்டு, மேலே ஒரே ஒரு நம்பரைத் தள்ளிவிடும்: எர்ரர் 7. ஏன் ஏழு? அன்றைக்கு அதுதான் கைக்கு வந்தது. ஓனருக்கு டெமோ காட்டுகிற அவசரம். 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று பக்கத்தில் குறிப்பும் போட்டுவைத்தான். அந்த அப்புறம் வரவேயில்லை.

போன வருஷம் சேர்ந்த சோபனா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அடியில் சொன்ன காரணம் மேலே வரைக்கும் போய்ச் சேருகிற மாதிரி எல்லாவற்றையும் மாற்றி, திரையில் தமிழிலேயே காட்டும்படி எழுதி, பார்த்து ஒப்புதல் கொடுங்கள் என்று அவனுக்கு அனுப்பினாள்.

"பால் ஊத்தறவங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? உள்ள ஆயிரம் இருக்கும். ஏதோ தப்புன்னு தெரிஞ்சா போதாதா?" என்றான்.

"எந்தத் தப்புன்னு தெரிஞ்சா அவங்களே சரி பண்ணிக்குவாங்க சார்."

"சிப்புல எடம் பத்தாது."

"பத்துது சார். ஏத்திப் பாத்துட்டேன்."

"சரி, அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்."

சீனியர்கள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். சோபனாவின் வேலை அப்படியே கிடப்பில் கிடந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள், காலைப் பால் ஊற்றி முடித்த கொஞ்ச நேரத்தில், அர்ச்சுனன் போன் பண்ணினார்.

"மாப்ள, தொட்டி நின்னுபோச்சுங்க. எர்ரர் ஏழுன்னு காட்டுது. உங்க பொட்டிதான, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. ஊர்ப் பால் பூரா உள்ள கெடக்குது. மத்தியானம் லாரி வந்துரும்."

முத்துராஜ் உள்ளம் குளிர்ந்துபோனான். மாமனார் வீட்டில் வித்தை காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறென்ன வேண்டும்? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, லேப்டாப் பை, செண்ட் வேறு. பூஜை லீவுக்கு நல்லம்பள்ளி வந்திருந்தவன் பைக்கில் பறந்தான்.

சங்கத்தில் முந்தின நாள் பூஜை நடந்த வாசனை போகவில்லை. தராசு, கேன், தொட்டி, குளிரூட்டும் மிஷின் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சுசித்ரா தொட்டிப் பக்கத்தில் நின்றாள். பால் கறந்த சூட்டிலேயே கிடந்தது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றான் மாப்பிள்ளை.

"அதைத்தாங்க காலையிலருந்து பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார் அர்ச்சுனன்.

அவனும் ஒருதரம் பண்ணினான். ஏழு. சென்சாரைக் கழற்றி மாட்டினான். ஏழு. ஒயரை ஒவ்வொன்றாக அசைத்தான், கம்ப்ரசர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான், மீட்டர் பெட்டியை முறைத்தான். ஏழு, ஏழு, ஏழு. வெள்ளைச் சட்டையில் கிரீஸ் ஏறியதுதான் மிச்சம். லேப்டாப்பைத் திறந்து தான் எழுதியதைத் தானே பார்த்தான். எங்கிருந்து என்ன வந்தாலும் ஏழு என்று எழுதியிருந்தது. பார்க்கிறவர்கள் ஏதோ ஆராய்ச்சி நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

"ஏழுன்னா என்னங்க?" என்று சுசித்ரா கேட்டாள்.

"ஏதோ பிரச்சினைன்னு அர்த்தங்க."

"அது எங்களுக்கே தெரியுதுங்களே."

"உள்ள ஆயிரம் இருக்குங்க, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்று சிரித்து மழுப்பினான். அவள் சிரிக்கவில்லை.

"ஆயிரத்துக்கும் ஒரே நம்பரா? யாருங்க இப்படி எழுதினது?"

இங்கேதான் அவன் புத்தி வேலை செய்தது. 'நான்தாங்க, சோம்பேறித்தனம்' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு தைரியம் இருந்திருந்தால் அவன் புரோகிராமும் வேறு மாதிரி இருந்திருக்கும். "எங்க டீம்ல சோபனான்னு ஒரு பொண்ணுங்க. புதுசு. எவ்வளவு சொன்னாலும் மண்டைல ஏறாது" என்றான், கூசாமல்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. அர்ச்சுனன் தொட்டியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழியே இல்லாமல் முத்துராஜ் சோபனாவுக்கு போன் போட்டான். ஒரு கையில் கேபிள், மறு கையில் லேப்டாப். போனைத் தொட்டி மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். தலையெழுத்து.

"சார், நான் அனுப்பினதை ஏத்துங்க. என்ன காரணம்னு அதுவே சொல்லிரும்" என்றாள் சோபனா.

"எது?"

"எல்லாத்தையும் ஏழுன்னு போட்டு வெச்சிருக்கீங்களே, அதை மாத்தி ஆடி மாசமே அனுப்பினேனே சார். பால் ஊத்தறவங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு நீங்கதான் கெடப்புல போட்டீங்க. அது."

அறையில் கம்ப்ரசர்கூட ஓடவில்லை, ஒரு வார்த்தை விடாமல் எல்லோர் காதிலும் விழுந்தது. முத்துராஜ் தலையைத் தூக்காமல் கேபிளைச் சொருகினான். கொஞ்ச நேரத்தில் திரை மின்னி எழுத்து வந்தது: 'மூடி திறந்திருக்கிறது. மூடி சுவிட்சைப் பார்க்கவும்.'

மூடி மூடித்தான் இருந்தது. சுசித்ரா குனிந்து பார்த்தாள். மூடி ஓரத்தில் குண்டுமணி அளவுக்கு ஒரு சுவிட்ச். மூடினால் அது உள்ளே அமுங்க வேண்டும். அதன்மேல் தலைவர் கையாலேயே அள்ளி அப்பிய சந்தனம், ராத்திரியோடு காய்ந்து கல்லாக இறுகி, அதை அமுங்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மூடி திறந்திருக்கிறது என்று நினைத்தால் யார் கையாவது மாட்டிக்கொள்ளக் கூடாதென்று உள்ளே கலக்குகிற மோட்டார் நிற்கும். கலக்காமல் குளிர வைத்தால் பால் அடியில் உறைந்துவிடும் என்று குளிரூட்டுவதும் நிற்கும். பெட்டி சரியாகத்தான் யோசித்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் விடவில்லை.

ஈரத்துணியால் ஒரு துடை. மோட்டார் ஓடத் தொடங்கியது.

"பாத்தீங்களா, சந்தனத்தைக் கொண்டுபோய் சுவிட்சு மேல அப்பினா எந்தப் பொட்டிதான் என்ன பண்ணும்?" என்று முத்துராஜ் உற்சாகமாக ஆரம்பித்தான். அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சந்தனம் வெச்சது எங்க தப்புதாங்க" என்றாள் சுசித்ரா. "காலையிலேயே சொல்லியிருந்தா அப்பவே தொடச்சிருப்போம்."

லாரி வந்தது. லாரிக்காரர் கொஞ்சம் பாலை எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்த்தார். திரிந்துபோயிற்று. ஊர்ப் பால் மொத்தமும் சங்கத்துக்குப் பின்னால் இருக்கிற ஓடையில் போனது. பால் ஊற்றிய பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. போகும்போது காபி வேறு கொடுத்தார்கள், மடையன் குடித்துவிட்டு வந்தான்.

மறுநாள் சாயங்காலம் அவன் தாய்மாமன் காளியப்பன் நல்லம்பள்ளிக்கு வந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். செருப்பைக் கழற்றும்போதே விஷயம் முகத்தில் தெரிந்தது.

"ஜாதகம் பொருந்தலையாம்ப்பா."

"ரெண்டு எடத்துல பாத்தாச்சே மாமா?"

"மூணாவதா வேற ஒருத்தர்கிட்ட காட்டினாங்களாம். ஏதோ கோளாறாம்."

"ஏதோன்னா என்ன?"

"ஏதோன்னா ஏதோதான். பொண்ணு வூட்ல ஜாதகம்னு சொல்லிட்டா அதுக்குமேல தோண்டக் கூடாது. பையன் குடிச்சாலும் ஜாதகந்தான், சம்பளம் பத்தலைன்னாலும் ஜாதகந்தான், மாமியாக்காரி வாய் நீளம்னாலும் ஜாதகந்தான். ஊரு உலகத்துல இல்லாததா?"

தீர்த்தம்மாள் அழுதுகொண்டே, "கொஞ்ச நாள் ஆறப் போட்டுட்டு மறுபடியும் போய்க் கேட்டுப் பாக்கலாம்டா" என்றாள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது ஓசூரில் கண்டுபிடித்த வித்தை இல்லை.

முத்துராஜுக்கு நெஞ்சு எரிந்தது. மாட்டேன் என்று சொல்லட்டும், எதற்காக என்று சொல்ல வேண்டாமா? பால் போனதற்கா? பொய் சொன்னதற்கா? அப்பாவைத் தலைகுனிய வைத்ததற்கா? எது என்று தெரிந்தால் காலில் விழுந்தாவது சரி பண்ணிக்கொள்ளலாமே. மொட்டைமாடிக்குப் போய் சுசித்ராவுக்கு போன் பண்ணினான்.

"ஜாதகம்னு சொல்லாதீங்க. உண்மையான காரணத்தைச் சொல்லுங்க, மாத்திக்கிறேன்."

அந்தப் பக்கம் தொட்டி மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் மரியாதையாகத்தான் பேசினாள்.

"உள்ள ஆயிரம் இருக்குங்க. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

போனை வைத்துவிட்டாள்.

கீழே இறங்கி வந்தான். தீர்த்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். "அந்தப் பொண்ணுகிட்டயா பேசின? என்னடா சொல்லுது? நம்ம பக்கம் ஏதாச்சும் தப்பு நடந்துருச்சா? எதுவா இருந்தாலும் சொல்லுப்பா, நான் போய் அவங்க அப்பா கையப் புடிச்சிக் கேக்கறேன்."

முத்துராஜ் அம்மாவைப் பார்த்தான். ஓடையில் போன பாலிலிருந்து சோபனா வரைக்கும் எல்லாம் தொண்டை வரை வந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றான். "ஜாதகந்தானாம்."