பாதியில் நின்ற செபமாலை

கிளறன்ஸ் வான் ஓட்டும்போது மற்றவர்கள் வாய் திறப்பதென்றால் செபமாலைக்குப் பதில் சொல்வதற்காக மட்டுமே இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டுச் சட்டம் அது. தூரப் பயணம் என்றால் முதலில் கொச்சிக்கடைக் கோயிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். வான் நகரத் தொடங்கியதும் சாரதி ஆசனத்திலிருந்து அவர் மன்றாட்டின் முன்பாதியைச் சொல்வார், வீட்டார் பின்பாதியைச் சொல்வார்கள். முடியும்வரை வேறு கதை கிடையாது. குமட்டிச் சத்தி வந்தால்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத்தான் உயர்த்தலாம். மகள் டெனிஷாவைக் கட்டிப் புதிதாகக் குடும்பத்துக்குள் வந்த மருமகன் மெல்ரோய் இந்தமுறை அவிசாவளை தாண்டியதுமே கையை உயர்த்திவிட்டான். பாவம், மலை இன்னும் தொடங்கவேயில்லை.

முன் ஆசனத்தில் கிளறன்ஸுக்குப் பக்கத்தில் அவர் மனைவி பேர்ணடெற் இருந்தாள். எல்லோரும் மெல்ரோயைப் பார்த்துச் சிரித்தபோது அவளும் சிரித்தாள். ஆனால் மடியில் கனம் இருப்பவளுக்குத்தானே வழியில் பயம். அவளுடைய கனம் மூவருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, கிளறன்ஸுக்கு, கண் டொக்டருக்கு.

டொக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. கண் நரம்பு கெட்டுக்கொண்டு போகிறது, இனி வாகனம் ஓட்டக் கூடாது என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவுக்குள் கிளறன்ஸ் சொன்னார்:

"இந்த ஏப்ரல் பயணம் மட்டும், பேர்ணி. பிறகு வான் திறப்பை நானே டெனிஷாவிட்ட குடுக்கிறன். பிள்ளைக்கு இப்ப ஒண்டும் சொல்லாத."

ஒருகொடவத்தையில் கண்டெய்னர் லொறி ஓட்டியே வயதுபோன மனிசன் அவர். லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது பக்கக் கண்ணாடி பார்க்கமாட்டார் என்று யார்டில் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் கெஞ்சுவதுபோலக் கேட்டதும் பேர்ணடெற்றுக்கு நெஞ்சு இளகிவிட்டது. மூக்குக் கண்ணாடி மாற்றச் சொன்னார்கள் என்று மகளிடம் அவர் புளுகியபோது, பக்கத்தில் நின்று தலையாட்டினாள். இரக்கம் என்று நினைத்துச் செய்த மடைத்தனம் அது.

முதல்நாள் ஒருவாறு கழிந்தது. நுவரெலியாவில் தங்குமிடத்துக் கேற்றில் வானை உரசிவிட்டு, கேற்றைத்தான் ஏசினார். மறுநாள் காலை ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறினார்கள். புல்வெளி நடுவே மரைமான் ஒன்று நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

"டடா, அங்க மரை!" என்றாள் டெனிஷா.

"ஓ, என்ன வடிவான கொம்பு!" என்றார் கிளறன்ஸ்.

அது பெண் மரை, கொம்பே இல்லை. மாமா பகிடி விடுகிறார் என்று மெல்ரோய் விழுந்து விழுந்து சிரித்தான். பேர்ணடெற் சிரிக்கவில்லை. டொக்டர் சொன்னதைவிடக் காரியம் முற்றிப் போயிருக்கிறது, அதை இந்த மனிசன் தன்னிடமும் மறைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஒஹிய பக்கமாக இறங்கத் தொடங்கியபோது பனி மூடிவிட்டது. ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய பாதை. ஒரு பக்கம் காடு, மற்றப் பக்கம் ஒன்றுமில்லை.

"டடா, கொஞ்ச நேரம் நான் ஓடட்டா?" என்று பின்னாலிருந்து டெனிஷா கேட்டாள். தினமும் நகரத்துக் காலி வீதி நெரிசலுக்குள் வேலைக்குக் கார் ஓடிப் போய் வருகிறவள் அவள்.

"நீ வெள்ளவத்தையில ஓடு. இது மலை."

சொல்லிவிட்டு அடுத்த வளைவில் அவர், "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார்.

காலையில் சொல்லி முடித்த செபமாலை. இப்போது எதற்கு என்று பிள்ளைகள் கேட்கவில்லை, பழகிய வாய்கள் தாமாகவே பதில் சொல்லத் தொடங்கின. பேர்ணடெற் மட்டும் திகைத்துப்போனாள். கலியாணம் முடித்த காலம் முதல் அவர் நேரமில்லாத நேரத்தில் செபமாலை தொடங்கியது இரண்டே தடவைதான். டெனிஷா பிறக்கக் கஷ்டப்பட்டபோது ஒருமுறை, சுனாமி அன்று ஒருமுறை. இந்த மனிசன் பயந்துபோயிருக்கிறார். பயந்தும் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லாமலிருக்க மாதாவை நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

மரக்கறி ஏற்றிய சின்ன லொறி ஒன்று திடீரென்று எதிரே வந்தது. ஹோர்ண் சத்தம் கேட்ட பிறகுதான் கிளறன்ஸ் ஸ்டியரிங்கை வெட்டினார். லொறிக்காரன் தலையை வெளியே நீட்டி, "அங்கிள், எஸ் பேன்னே நெத்த?" என்று சிங்களத்தில் கத்தினான். கண் தெரியாதா என்று வழியில் யாரும் யாரையும் ஏசுவதுதான். ஆனால் கிளறன்ஸின் குரல் ஒருகணம் அறுந்துபோய், பிறகு இன்னும் சத்தமாகத் தொடர்ந்தது. பிள்ளைகளும் சத்தமாகப் பதில் சொன்னார்கள். செபத்தின் நடுவே கதைக்கக் கூடாதென்று வளர்த்த பிள்ளை டெனிஷா, பாதை விளிம்பைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வளைவு இடப்பக்கம் திரும்பியது. வான் திரும்பவில்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தியபடி பேர்ணடெற் ஹாண்ட்பிரேக்கை இழுத்தாள்.

வான் குலுங்கி நின்றது. முன்சில்லு புல்லில் ஏறியிருந்தது. புல்லுக்கு அப்பால் வெறும் வெள்ளை.

"செபத்துக்கு நடுவில என்ன பழக்கம் இது?" என்றார் கிளறன்ஸ்.

"உங்களுக்குக் கண் தெரியேல்ல."

"பனி, பேர்ணி. பனிக்குள்ள ஆருக்குத்தான்..."

"பனிக்கு முதலும் தெரியேல்ல. டெனிஷா, டடா இனி வாகனம் ஓடக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். நானும் அங்கதான் இருந்தனான். உனக்கு மறைச்சுப்போட்டன்."

டெனிஷாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அவர் மறைப்பார், எனக்குத் தெரியும். நீங்களுமா மம்மி? நாங்கள் நாலு பேர் இதுக்குள்ள!"

பிள்ளை கேட்டது நியாயம் என்று பேர்ணடெற்றுக்குப் பட்டது.

கிளறன்ஸ் வானை மெல்லப் பின்னுக்கு எடுத்துப் பாதையில் நிறுத்தினார். அதற்கு அவருக்கு அன்றும் கண்ணாடி தேவைப்படவில்லை. பிறகு இறங்கி, வானின் உடம்பைத் தடவித் தடவிப் பின்கதவுவரை வந்தார். பேர்ணடெற்றும் பின்னுக்கு வர, வாந்திக்காரன் மெல்ரோய் முன்னுக்குப் போனான். டெனிஷா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தன் சொந்த வானில் கிளறன்ஸ் முதல்தடவையாகப் பின் ஆசனத்தில், மனைவிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

டெனிஷா வானை மெல்ல மெல்ல இறக்கினாள். பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. திடீரென்று கிளறன்ஸ், ஒவ்வொரு பயணத்திலும் காட்டுவதுபோலக் கையை யன்னல் பக்கம் நீட்டினார்.

"அங்க பாருங்கோ, கீழ குளம் மினுங்குது."

யன்னலுக்கு வெளியே பைனஸ் மரங்கள் மட்டும் நெருக்கமாக நின்றன. டெனிஷா கண்ணாடியில் தகப்பனைப் பார்த்தாள். கோபம் எங்கே போனதோ, "ஓம் டடா, நல்ல வடிவா இருக்கு" என்றாள்.

பேர்ணடெற்றும் ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய மனமும் ஆறியிருக்கும். ஆனால் தலையாட்டித் தலையாட்டி எங்கே வந்து நின்றோம் என்பதை அவள் சற்று முன்தான் கண்டிருந்தாள்.

"இல்லையப்பா. குளம் இன்னும் வரேல்ல. இது பைனஸ் காடு."

நீட்டிய கை அப்படியே கீழே இறங்கியது. மகள் சொன்ன பொய்யைவிடத் தான் சொன்ன உண்மை அவரை அதிகமாய் நோகடித்தது என்று பேர்ணடெற்றுக்குத் தெரிந்தது. நொந்தாலும் பரவாயில்லை என்று இருந்தாள்.

சில வளைவுகள் கடந்ததும் மரங்கள் விலகி, தென்திசை முழுவதும் ஒரேயடியாகத் திறந்தது. மெல்ரோய் "ஆ" என்று வாயைத் திறந்து, மாமாவின் நினைவு வந்து மூடிக்கொண்டான். வெயில் கிளறன்ஸின் முகத்தில் விழுந்தது.

"குளம் இப்ப வந்திட்டுது, என்ன?" என்றார்.

"ஓம்."

"அப்ப சொல்லன். என்ன தெரியுது?"

இவ்வளவு காலமும் அந்தா பார், இந்தா பார் என்று அவர் காட்டக் காட்டத்தான் அவள் இந்த மலைகளைப் பார்த்திருக்கிறாள். தானாக எங்கே பார்ப்பது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"எல்லாம் பச்சையா இருக்கு" என்றாள்.

"பச்சையெண்டு எனக்கும் தெரியும். ஒழுங்காச் சொல்லு பேர்ணி."

பேர்ணடெற் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிட்ட இருந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.