வத்தேகமயிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி

மஹய்யாவயிலுள்ள வீட்டு வாசலில் வேன் வந்து நின்றதுமே சஞ்சீவனிக்கு வயிற்றுத் தையல் சுரீர் என்றது. வேனிலிருந்து வத்தேகம ஊர் முழுவதும் இறங்கிக்கொண்டே இருந்தது. மார்க்கெட்டைக் காவல் காக்க அங்கே ஒரு நாயாவது மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். கடைசியில், கோயில் மணியளவு பிளாஸ்க் ஒன்றைக் கைக்குழந்தைபோல் அணைத்தபடி இராமையா மாமா இறங்கினார்.

தம்பி யுகேஷுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, அவன் ஆஸ்பத்திரி மெஷினே கதியென்று கிடந்தபோது இந்தச் சொந்தக்காரச் சனமெல்லாம் எங்கே போயிருந்தது? சிறுநீரகம் கொடுக்கப் பொருத்தம் பார்க்க வரச்சொன்ன அன்றே மாமாவுக்குச் சீனி வியாதி, பிரஷர், முழங்கால் வலி எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டன. கடைசியில் கொடுத்தவள் சஞ்சீவனிதான்.

கொடுத்த சிறுநீரகமும் லேசில் வேலை தொடங்கவில்லை. அவளிடமிருந்து எடுத்து, ஐஸில் வைத்து, தம்பிக்குப் பொருத்தும்வரை அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் திரும்பப் பாய்ந்ததும், வாடிக்கிடந்த செல்களைக் கவனிக்கிறோம் பேர்வழி என்று யுகேஷின் வெள்ளை அணுக்கள் கூட்டமாய் உள்ளே புகுந்து, நல்லதையும் சேர்த்து அடித்து நொறுக்கின. சிறுநீரகம் வீங்கிப்போய், நாள்கணக்கில் சொட்டு மூத்திரம் தரவில்லை. டொக்டரம்மா இதை விளக்கியபோது சஞ்சீவனி, “அச்சு அசல் எங்க சொந்தக்காரங்கதான் மிஸ்” என்றாள்.

இப்போதுதான் அது மெல்லத் தேறி வருகிறது.

மாமா கதிரையை இழுத்துப் போட்டு பிளாஸ்க்கைத் திறந்தார். “எதிர்ப்புச் சக்தி இல்லாமத்தான் புள்ள இவன் சோந்து கெடக்கான். சீந்தில் கொடி கசாயம். ஹுன்னஸ்கிரிய காட்டுல புடுங்குனது. ஒரு கோப்ப குடிச்சா சக்தி புலி மாதிரி எந்திரிக்கும்!”

“அந்தப் புலியத்தான் மாத்திர குடுத்து படுக்க வச்சிருக்கோம் மாமா. எந்திரிச்சா மொதல்ல என் கிட்னியத்தான் கடிக்கும்.”

“டொக்டர்மாருக்கு என்னா தெரியும்? என்னையப் பாரு. இதக் குடிச்சி சீனி போச்சி, பிரஷர் போச்சி. முழங்கால் வலியா? இப்ப சொல்லு, மலைக்கு ஓடியே ஏறுறேன்!”

வந்த கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. பெரியவர்கள் கையால் நீட்டியதை மறுத்தே பழக்கமில்லாத யுகேஷ், கோப்பையை வாங்கி உதட்டருகே கொண்டுபோய்விட்டான்.

“குடிடா தம்பி, தாராளமா குடி” என்றாள் சஞ்சீவனி, தேன் ஒழுக. “இந்தக் கிட்னி போனா போகட்டும். எனக்கு இருக்கதே ஒன்னு, இனி நான் குடுக்க ஏலாது. ஆனா மாமாவுக்குத்தான் எல்லா வருத்தமும் பறந்துருச்சே! ரெண்டு கிட்னியும் சும்மாதானே கெடக்கு. நாளைக்கே கிளினிக்குல மாமா பேர குடுத்துருவோம்.”

மாமாவின் கை பாய்ந்த வேகத்தைக் கண்டால் பருந்துகூடத் தொழிலை விட்டுவிடும். கோப்பை கசாயம் முழுவதும் மறுபடி பிளாஸ்க்குக்குள் போய், மூடி இறுகியது.

“ஆறிப்போச்சி தம்பி… ஆறுனத குடிக்கப்படாது.”

எழுந்தவருக்கு முழங்கால் வலியும் கூடவே எழுந்தது. இரண்டு பக்கமும் ஆள் தாங்கித்தான் வேனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வேன் சத்தம் அடங்கியபின், குளியலறையிலிருந்து யுகேஷ் கத்தினான். “அக்கா, மூத்திரம் நல்லா போகுதுக்கா!”

“போகட்டும், போகட்டும்” என்றாள் சஞ்சீவனி, வாசல் கேற்றைப் பூட்டியபடியே. “யாரோட கிட்னி?”