பகல் நெருப்பு

என் அக்காள் புருஷனை நான் ஸ்பேனரால் அடித்தபோது காலை பதினொன்றரை மணி. நல்ல வெயில். அந்த வெயில்தான் வினையாகிப் போனது.

எங்கள் ஆலையில் நிலக்கரியை மாவாக அரைத்து, கெட்டி எண்ணெயில் குழைத்து, பயங்கர அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி வேகவைப்போம். கரி எண்ணெயாகி இறங்கிவரும். ஆனால் ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கசிவுச் சத்தம் கேட்டால் நீளக் காம்புத் துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி நடப்போம். துடைப்பம் எங்கே பற்றுகிறதோ அங்கே நெருப்பு. இத்தனை பெரிய ஆலைக்குத் துடைப்பம்தான் காவல் தெய்வம் என்று நாங்களே சிரித்துக்கொள்வோம்.

அன்று மூன்றாம் உலையின் குழாய் இணைப்பில் சீறல் கேட்டது. மச்சான்தான் ஷிப்ட் அதிகாரி.

"நிறுத்திடுங்க மச்சான்" என்றேன்.

"நிறுத்தினா உள்ள இருக்கற கூழு பாறையா இறுகிடும். ஒரு மாசம் உளி வெச்சுக் கொத்தணும். அப்புறம் என் வேலை இருக்குமா? போல்ட்ட இறுக்கினாப் போதும்."

ஃபிட்டரை அனுப்பினார். அவன் சரியான வாயாடி. "திரும்பி வரலைன்னா என் டீயையும் நீயே குடிச்சிடு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் துடைப்பத்தை ஆட்டியபடி போனான். அது பற்றவில்லை. நெருப்பில்லை என்று நம்பி இன்னும் இரண்டு எட்டு வைத்தான். சட்டை தானாகச் சுருங்கிக் கருகியது. அவன் போட்ட கத்தலை நான் சாகும்வரை கேட்பேன்.

நிறுத்தும் பொத்தானைக் குத்திவிட்டு ஓடினேன். இழுத்தபோது அவன் கைத்தோல் என் உள்ளங்கையோடு வந்துவிட்டது. 'பாவி!' என்று கத்திக்கொண்டே, ஓடிவந்த மச்சானின் வலது தோளில் ஃபிட்டரின் ஸ்பேனரை இறக்கினேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

விழுந்து கிடந்தவர் துடைப்பத்தைக் காட்டினார். நுனியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஈரம்டா அது... காலைல அதால தரையக் கழுவினது நீதானே?"

நான்தான். வேறு துடைப்பம் தேடச் சோம்பல்பட்டிருந்தேன்.

இரண்டாவது அடி அவர் வாயில் விழுந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பக்கத்து வார்டில் ஃபிட்டர் இன்னும் கண் திறக்கவில்லை. அக்காள் என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்த ஃபிட்டருக்காகத்தான் நீ அடிச்சேன்னு எல்லாரும் உன்னத் தலைல தூக்கி வெச்சு ஆடறாங்க. முதல் அடி எனக்குப் புரியுது. விழுந்து கெடந்தவர எதுக்குடா அடிச்ச?"

ஒரு தாளை மச்சானின் மடியில் வைத்து, "நீங்களாவது எழுதுங்க" என்று அவர் இடது கையில் பென்சிலைத் திணித்தாள். அவர் என்னையே பார்த்தார். பென்சில் முனை தாளைத் தொட்டு, அங்கேயே நின்றது.