குளியலறையில் ஒரு காளான் துறை

இதனால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று முதல் இவ்வீட்டின் குளியலறை உயர்ரகச் சிப்பிக் காளான் வளர்ப்புக்காகக் கையகப்படுத்தப்படுகிறது; மறு உத்தரவு வரும்வரை சோப்பு, ஷாம்பு, வெந்நீர், பாட்டு ஆகியவை அங்கே அனுமதிக்கப்பட மாட்டா.

அறிவித்தவர், எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரை குத்தும் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கேட்டுக்கொண்டிருந்த பொதுமக்கள் இரண்டே பேர். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டு என்னப்பா பண்ணுச்சு?"

"அதிர்வு. வித்துக்கு ஆகாது."

"உங்க குறட்டை மட்டும் ஆகுமா?"

கண்காணிப்பாளர் பதில் சொல்லவில்லை. அலுவலகத்திலும் அவர் பதில் சொல்லிப் பழக்கமில்லை. குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிடுவார். வீட்டில் மேலே அனுப்ப மொட்டைமாடிதான் இருந்தது.

ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு ஒரு குறை. அவர் உள்ளே நுழைந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. முப்பது நாற்காலிகள் ஒன்றாகக் கிறீச்சிடும் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பெருக்கணும்" என்பது போதவில்லை. தனக்குக் கீழே யாராவது வேண்டும் என்று தேடினார். மகள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அவளுக்குக் கீழேயே ஒரு குளம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மனைவியைப் பற்றி நினைக்கும் அளவுக்கு அவருக்குத் துணிச்சல் இல்லை. கடைசியில் கிடைத்தவை கட்டைகள்.

மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று தெருவில் வெட்டிப் போட்ட மரக்கிளைகளிலிருந்து தொடை பருமனுள்ள ஆறு கட்டைகளைப் பொறுக்கி வந்தார். துளைபோட்டார். வாங்கி வந்த காளான் வித்தைத் துளைகளில் அடைத்தார். வித்து என்றால் விதை இல்லை. மரத்தூளில் வெள்ளைவெளேர் என்று பூசணம் பூத்த மாதிரி இருக்கும், பார்த்தால் யாரும் குப்பையில்தான் போடுவார்கள். மேலே மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தார். கட்டைகளைச் சுவரோரம் நிற்கவைத்து, ஒன்று முதல் ஆறுவரை எண் கொடுத்தார். அவர் உள்ளே போனபோது கட்டைகள் எழுந்து நிற்கவில்லைதான். ஆனால் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. அது போதும்.

வித்து விற்றவர் ஒரே ஒரு யோசனைதான் சொல்லியிருந்தார். "அடைச்சுட்டு மறந்துடுங்க சார். ஈரம் மட்டும் காயாம பாத்துக்கோங்க. அது பாட்டுக்கு உள்ள வேலை பாக்கும். மாசக்கணக்கில ஆகும்."

மேற்பார்வை இல்லாமல் ஒன்று தானாக உள்ளே வேலை பார்க்கும் என்பதை நம்ப கண்காணிப்பாளரின் அனுபவம் இடம் தரவில்லை. ஆகவே தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் போவார். ஒவ்வொரு கட்டையிலும் மெழுகைச் சுரண்டி எடுத்து, குச்சியால் குத்தி, உள்ளே முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. "ம்" என்பார். மறுபடி மெழுகு ஊற்றுவார். மறுநாள் மறுபடி சுரண்டுவார். உள்ளே வேர்விட ஆரம்பித்த வித்து, இந்த ஆள் போய்த் தொலையட்டும் என்று காத்திருந்து காத்திருந்தே செத்தது.

ஆய்வு செய்ய அவருக்கு ஓர் ஆசனம் வேண்டியிருந்தது. அதுவும் தயாராக இருந்தது. அவருடைய விடைபெறும் விழாவில் அலுவலகம் கொடுத்த நாற்காலி அது. நாற்காலி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். சிம்மாசனம் மாதிரி இருக்கும். கால்களே கிடையாது, இரண்டு பக்கமும் பின்னாலும் தரைவரை இறங்கும் அகலப் பலகைகள். முதுகில் ஒரு பித்தளைத் தகடு, அதில் 'ஓய்வறியா உழைப்புக்கு' என்று வெட்டியிருந்தது. மனைவியின் தம்பி மரச்சாமான் கடை வைத்திருக்கிறான். அலுவலகத்துக்கு அதை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். "அசல் தேக்கு அத்தான். உங்க பேரன் பேத்தி எல்லாம் உக்காருவாங்க" என்று மேடையிலேயே ஏறிச் சொன்னான். வாழ்நாள் முழுக்க எடைக்கல்லில் மோசடி பிடித்தவர், கண்ணில் நீர் மல்க அதை ஏற்றுக்கொண்டார்.

கூடத்தில் அதற்கு இடமில்லை என்று மனைவி செருப்பு வைக்கும் மூலையில் போட்டிருந்தாள். துறை தொடங்கிய அன்றே அது குளியலறைக்கு மாற்றல் ஆனது. குளியலறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாக இருக்கும் அல்லவா, சிம்மாசனம் ஒரு பக்கம் ஆடியது. ஆடும் ஆசனத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்ய முடியாது. மீந்துபோன வித்துப் பையை மடித்து, பின்பக்கப் பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். ஆட்டம் நின்றது. பையை மறந்தே போனார்.

இப்படியாக வீடு குளிப்பதை நிறுத்தியது. மனைவி கழிப்பறையில் வாளியை வைத்து, சுவரில் முழங்கை இடிக்க இடிக்கக் குளித்தாள். மகள் பாடு இன்னும் மோசம். அவள் உடம்பிலுள்ள குளோரின் வாடை காளானுக்கு எமன் என்று சொல்லி அந்தக் கதவுப் பக்கமே அவளை விடவில்லை. நீச்சல் குளத்தில் ஊறியவள், நீச்சல் குளத்து நாற்றத்தோடே தூங்கினாள்.

"பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க எழுந்து போறாங்கப்பா."

"எழுந்து நிக்கிறாங்களா?" என்று கேட்டார் அவர், சற்றுப் பொறாமையோடு.

மாதங்கள் போயின. ஒருநாள் மனைவிக்கு முழங்கையில் வழக்கமான இடத்திலேயே மறுபடி இடித்தது. ஈரப் புடவையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, வர்ற ஞாயித்துக்கிழமை என் தம்பி சாப்பிட வரான். அவன் கைகழுவுறதுக்குள்ள ஒரே ஒரு காளானையாவது என் கண்ணுல காட்டிடுங்க. காட்டிட்டா அந்த ரூம் உங்களுக்கே சொந்தம், நான் வாயத் திறக்கமாட்டேன். இல்லேன்னா ஆறு கட்டையும் தெருவுக்குப் போகும்."

"இயற்கைக்குக் கெடு விதிக்க முடியாதும்மா."

"இயற்கைக்கு இல்லீங்க. உங்களுக்கு."

கட்டைகள் போனால் அவருக்குக் கீழே யாரும் இல்லை. மறுபடி கூடத்தில், பெருக்கும்போது காலைத் தூக்கிக்கொள்ளும் ஆளாகிவிடுவார். அந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை மெழுகைச் சுரண்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கட்டைகள் மொட்டையாக நின்றன. அவர் கடைசி முறையாக எல்லோரையும் ஆய்வு செய்துவிட்டு, கட்டைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் தெளிப்பான் உருண்டு ஓட, அதை எடுக்கக் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

சிம்மாசனத்தின் பின்னால், சுவர்ப்பக்கம், சாம்பல் நிறத்தில் காதுகாதாக, அடுக்கடுக்காக, ஒரு கூட்டமே எட்டிப் பார்த்தது. கைவிரித்த அளவில் ஒரு கொத்து. அதற்கு மேலே இன்னொன்று. இத்தனை மாதம் அவர் பார்க்காமல் விட்ட ஒரே இடம்.

"வந்துடுச்சு!" என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் கை ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. கொத்தோடு பலகையும் வந்தது. பலகை என்றால் மேலே ஒட்டியிருந்த காகிதம் மாதிரித் தேக்குத் தோல். அதன் பின்னே பொலபொலவென்று மரத்தூள் கொட்டியது. பசை போட்டு அமுக்கிய வெறும் மரத்தூள். காளானுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

கண்காணிப்பாளர் ஈரத் தரையில் உட்கார்ந்தார். காளான் எங்கே முளைத்தது என்று காட்டினால் குளியலறை அவருக்கு. ஆனால் அதோடு அந்த மேடை, அந்த மாலை, 'ஓய்வறியா உழைப்பு' எல்லாம் மரத்தூள் என்று ஊருக்குத் தெரியும். காட்டாவிட்டால் தேக்கு தேக்காகவே இருக்கும், கட்டைகள் தெருவுக்குப் போகும். முப்பது ஆண்டு சேவையில் இத்தகைய சிக்கல்களுக்கு அவர் ஒரே வழிதான் கண்டிருந்தார். விஷயத்தை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவது.

கொத்துகளைப் பறித்தார். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். தட்டு நிறையக் காளானோடு சமையலறைக்குள் நுழைந்தார்.

மனைவி அடுப்பை அணைத்தாள். "கட்டையிலயா வந்துச்சு?"

"பின்ன, கூரையிலயா?"

"எந்தக் கட்டை?"

"மூன்றாம் எண்" என்றார், கூடத்திலிருந்த மகளுக்கும் கேட்கும்படி. மூன்றாம் எண் எப்போதும் ஒழுங்கானவன் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

மனைவி காளானைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளையும் பார்த்தாள். சொன்ன சொல் சொன்ன சொல்தான். வாயைத் திறக்கவில்லை.

மச்சினன் வந்தான். அவன் நுழைந்தால் அவனுக்கு முன்னால் அவன் குரல் நுழையும். மிளகும் வெங்காயமும் போட்டு வதக்கிய காளானை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

"பிரமாதம் அத்தான்! கறி தோத்துச்சு போங்க. என்ன மரத்துல வளத்தீங்க?"

"சாதாரண மரம்தான் மாப்ளே" என்றார் அவர். அன்று அவர் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

"வாங்க, போய்ப் பாத்துடுவோம்" என்று எழுந்துவிட்டான். அவர் தடுப்பதற்குள் எல்லோரும் குளியலறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். மகளும் உள்ளே நுழைந்துவிட்டாள்.

"எங்கப்பா? மூணாம் நம்பர்ல ஒரு தழும்புகூட இல்லையே?"

"சுத்தமாகப் பறிப்பது ஒரு கலை."

மச்சினனுக்குக் கட்டைகளில் அக்கறை போய்விட்டது. சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டான். "அடடா, நம்ம தேக்கு! தண்ணிலயே போட்டிருக்கீங்க, ஏதாவது ஆச்சா பாருங்க! அதான் சரக்கு. பூச்சி பொட்டு அண்டுமா? காளான் அண்டுமா?"

"உட்காராதே மாப்ளே."

"ஏன் அத்தான், நாங்க உக்காந்தா பதவி போயிடுமா?"

"உட்காராதேங்கிறேன்!"

இத்தனை மாதத்தில் அந்த அறையில் அவர் போட்ட உத்தரவுகளிலேயே அர்த்தமுள்ளது அது ஒன்றுதான். அதனாலேயே யாரும் மதிக்கவில்லை. மச்சினன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, முழு எடையையும் இறக்கினான்.

சிம்மாசனம் முறியவில்லை. முறிவதற்கு உள்ளே மரம் வேண்டும். சோர்ந்துபோன ஆள் பெருமூச்சு விடுவது போல 'புஸ்' என்று ஒரு சத்தம். இரண்டு பக்கப் பலகைகளும் விலகிக்கொண்டன. மச்சினன் மரியாதையாக, நிதானமாக, தரைக்கு வந்து சேர்ந்தான். அவனைச் சுற்றி மரத்தூள் குவிந்தது. தூளுக்குள் வெள்ளை நூல்கள். முதுகுப் பலகையில், காலையில் தப்பித்த குட்டிக் காளான்கள் இரண்டு அவன் காதுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு காதுகள் மாதிரி நின்றன.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மகள் குனிந்து தூளைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள். "மாமா, தேக்கு ரொம்ப மிருதுவா இருக்கு."

"ஈரம் பட்டா எந்தத் தேக்கும் கொஞ்சம் இப்படித்தான்..." என்று தரையிலிருந்து ஆரம்பித்தான் அவன்.

"நீ எழுந்து கையக் கழுவு மொதல்ல" என்றாள் அக்கா. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "ஏங்க, நீங்க வளக்கல. அது தானா வளந்துருக்கு. நீங்க கிட்டப் போன ஒண்ணுலயும் வரல."

கண்காணிப்பாளர் குனிந்தார். மரத்தூளைக் கிளறிப் பித்தளைத் தகட்டைத் தேடி எடுத்தார். சட்டை முனையால் துடைத்தார். அது மட்டும் அசல் பித்தளை. மச்சினன் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றான். மகளும் மனைவியும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். அவர் நடுவில், கையில் தகட்டோடு. எத்தனையோ நாளுக்குப் பிறகு, அவர் இருந்த அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் அறிவித்தார்:

"சோதனை முயற்சி வெற்றி. இத்துடன் துறை கலைக்கப்படுகிறது."

"தள்ளி நில்லுங்க" என்றாள் மனைவி, துடைப்பத்தோடு. "பெருக்கணும்."

மறுநாள் காலையில் எல்லோரும் வெந்நீரில் குளித்தார்கள்.